நாலரை வோல்ட்

பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் மீட்டர் நாலரை வோல்ட் காட்டியது.

ஹரிஹரசுதன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்யூட்டில் கெப்பாசிட்டர் இருக்கிறது. உள்ளே ஏறிய மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மெல்ல விட்டுவிடும். முப்பது விநாடி ஆகும்; மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். மீட்டரின் இரண்டு முனைகளையும் அசைக்காமல் பிடித்துக்கொண்டு எண் இறங்குவதற்காகக் காத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் ஓர் அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது ஓய்ந்தது. அவனுக்குக் கை வலித்தது. முனைகளை எடுத்துச் சட்டையில் துடைத்துத் திரும்ப வைத்தான்.

4.50.

ஐப்பசி மாதம், மதியம் மூன்று மணி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து ஸ்ரீரங்கம் முழுக்க மின்சாரம் இல்லை. மழை வருவதாகச் சொல்லிக்கொண்டு வராமலே வானம் கறுத்திருந்தது. மாடி வீட்டின் ஒரே பெரிய அறையில் சாம்பல் நிற வெளிச்சம் தரைவரை வந்து மொசைக்கில் மங்கிக் கிடந்தது. மின்விசிறி நின்ற வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு வாசனை வந்துவிடுகிறது. துவைக்காத போர்வை, ஈயம் உருக்கிய புகை, கொள்ளிடம் பக்கமிருந்து வரும் சேற்று நெடி. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சீயக்காய். இந்த வீட்டில் ஒரு வருடமாக யாரும் சீயக்காய் தேய்க்கவில்லை.

ஐந்து மணிக்குள் மாமனாரும் மாமியாரும் வந்துவிடுவார்கள். நாளைக் காலை காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் அவன் மனைவி மணிமேகலைக்கு வருஷத் திதி. போன வாரம் மாமனார் ராமர் வையம்பட்டியிலிருந்து போன் செய்து, நாலு விஷயம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"மாப்ள, நீங்க புள்ளைக்கு ஒரு டப்பா செஞ்சு குடுத்தீங்கள்ல. அதுல அவ நெஞ்சுச் சத்தம் பதிஞ்சிருக்கும்னு சொல்லுவா. அது இருக்கா இன்னும்?"

"இருக்கு மாமா."

"உங்க அத்தை ஒரேயொரு தடவ கேக்கணுங்கறா. வேற ஒண்ணும் வேணாங்கறா."

முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் அவனுக்குக் கிடைக்கவில்லை. சொல்ல முடிந்த காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

டப்பா என்றால் உண்மையிலேயே டப்பாதான். மேகலை கல்லூரிக்குச் சோறு கொண்டுபோன மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் ஊசியால் தன் பெயரைக் கீறியிருப்பாள். அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. திடீரென்று படபடக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அடங்கிவிடும். வரும்போதே பிடித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். துவாக்குடியில் அளவீட்டுக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவன் டிசைன் இன்ஜினியர். பிடித்துவிடலாம் என்று இறங்கினான்.

இதயம் எழுப்பும் மின் அலை மிகச் சிறியது. பூஜ்யத்துக்கு மேலும் போகும், கீழும் போகும். ஒன்பது வோல்ட் பேட்டரிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே என்று ஒன்று கிடையாது. ஆகவே நடுவில், நாலரையில், ஒரு பொய்ப் பூஜ்யத்தை உண்டாக்க வேண்டும். இரண்டு சமமான மின்தடைகளைப் போட்டு ஒன்பதைப் பாதியாக்கி, அந்தப் பாதியை ஒரு ஆப்-ஆம்ப் சிப்பிடம் கொடுத்துவிட்டால் போதும். யார் இழுத்தாலும் யார் தள்ளினாலும் எதிர்த்து நின்று அது அந்த இடத்தை நாலரையிலேயே பிடித்து வைத்திருக்கும். விர்ச்சுவல் கிரவுண்ட் என்பார்கள். சர்க்யூட்டில் உள்ள மற்ற எல்லாமும் அதையே தரை என்று நம்பி வேலை செய்யும்.

இதை மேகலைக்கு ஒருநாள் விளக்கினான். இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அது நெசத் தரை இல்ல."

"இல்ல."

"தரைன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட எடம்."

"ஆமா."

"அந்தக் குட்டி சிப்பு பாவங்க. ராத்திரி பகலா ஒரே எடத்தப் புடிச்சிக்கிட்டே நிக்குது. அதுக்குக் கை வலிச்சா?"

"தாங்குற வரைக்கும் தாங்கும். ரொம்ப இழுத்தா நகந்துடும்."

"நகந்தது உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எல்லாமே சேந்து நகரும். வெளியில இருந்து அளந்தாத்தான் தெரியும்."

அவள் கரண்டியைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "எங்க பெரியப்பா குடும்பம் மாதிரி," என்றாள்.

டப்பாவிலிருந்து மூன்று வயர்கள் வரும். சிவப்பு வலது மணிக்கட்டுக்கு. மஞ்சள் இடது மணிக்கட்டுக்கு. பச்சை வலது காலுக்கு. அந்தப் பச்சை வயர்தான் உடம்பையும் பொய்த் தரையிலேயே நிறுத்திவைக்கும். ஒட்டும் வில்லையைக் காலில் போட்டால் அரிக்கிறது என்று, மேகலை பச்சைக் கிளிப்பை நேராகத் தன் மெட்டியில் மாட்டிக்கொண்டாள்.

"வெள்ளி கரண்டக் கடத்துந்தானே? நான் பி.காம். தான். ஆனா வெள்ளியப் பத்தி எங்கிட்டப் பேசக் கூடாது."

அவன் சிரித்தான். உண்மையிலேயே ஒட்டும் வில்லையைவிட அது நன்றாக வேலை செய்தது.

அதே மூன்று வயர்களும் இப்போது மேசை விளிம்பில் வெறுமனே தொங்கின. மீட்டர் 4.50 காட்டிக்கொண்டிருந்தது.

கெப்பாசிட்டரின் இரு கால்களையும் திருப்புளியால் சேர்த்து இணைத்தான். இனி எந்த மின்சாரமும் மிச்சம் இருக்க முடியாது. அளந்தான்.

4.50.

மீட்டரில் கோளாறு. அப்படித்தான் இருக்க வேண்டும். மேசைமேல் கிடந்த பேட்டரியை அளந்தான். ஒன்பதுக்குச் சற்று மேல். சரியாகத்தான் இருந்தது. தன் இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே அளந்தான். பூஜ்யம். திரும்ப டப்பாவுக்கு வந்தான். பிறகு கத்தி முனையால் நெம்பி, எட்டுக்கால் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினான். இன்று காலையில்தான் அதைப் புதிதாகப் போட்டிருந்தான். பழையது போன வருடமே வெந்துவிட்டது.

இப்போது பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை. நாலரையில் பிடித்து நிறுத்த அந்த டப்பாவுக்குள் எதுவும் இல்லை.

4.50.

அப்போது டப்பாவின் ஓரத்திலிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்தது.

தும். தும். தும். கொஞ்சம் பொறுத்து, தும்.

அது யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சீராக விழும். நான்காவது, வாசலில் செருப்பைத் தேடுகிறவள்போலச் சற்றுத் தாமதித்து வரும். அந்த நான்காவதற்காகப் பல இரவுகள் அவள் முதுகில் காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். பதிவு ஓடுகிறது என்று நினைத்தான். உடனே, பதிவுகள் இருக்கும் மெமரி கார்டு டப்பாவில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அது லேப்டாப்பில் இருந்தது. அவன்தான் எடுத்துப் போட்டிருந்தான், கடைசிப் பதிவை அழிப்பதற்காக.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் துள்ளி எழுந்தான். ஸ்பீக்கர் நின்றுவிட்டது.

வீட்டுக்காரம்மா ஆனந்தவள்ளி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கீழ்ப்பகுதியில் தனியாக இருப்பவள்.

"தம்பி, இன்ஜினியர் மேல குடியிருக்கீங்கன்னுதான் பேரு. என் இன்வெர்ட்டர் செத்து எட்டு நாளாச்சு. தினமும் விசிறிக்கட்டையோட ஒக்காந்திருக்கேன்."

"நாளைக்குப் பாக்குறேங்க."

"நாளைக்கு நாளைக்குன்னு. ஆமா, கரண்டே இல்ல, உங்க வீட்ல மட்டும் என்ன ஓடுது? உய்ய்ன்னு ஒரு சத்தம். கால வெச்சா தரையில தெரியுது."

அவனுக்கும் இப்போதுதான் தெரிந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. பல்லுக்குள் இருந்தது. விநாடிக்கு ஐம்பது தடவை அதிரும் மின்சாரத்தின் முனகல், மின்சாரம் இருக்கும் எந்த வீட்டிலும் எந்நேரமும் இருப்பது, இருப்பதாலேயே யாருக்கும் கேட்காதது. இன்று அது இருக்கக் கூடாது. கீழ் வீட்டு இன்வெர்ட்டர் என்று இவ்வளவு நேரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அப்புறம் தண்ணி எதுவும் கொட்டி வெச்சிருக்கீங்களா? என் ரூம் மேல்தளத்துல ஈரமா வட்டம் கட்டியிருக்கு. இந்தா, இங்க வரும்." அறையின் நடுவே, ஜன்னலுக்கு நேரே, ஓரிடத்தைக் கைகாட்டினாள்.

"இல்லீங்க. காஞ்சுதான் இருக்கு."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நாளைக்குத் திதின்னா ராத்திரி நல்லா தூங்குங்க தம்பி. முகமே சரியில்ல. பொண்டாட்டிய இப்படி நெனக்கிற ஆம்பளைய இந்தக் காலத்துல எங்க பாக்குறது," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள். ஒரு வருடமாக.

அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மேகலை தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள். படபடப்பு வருகிறது, சீக்கிரம் மாட்டுங்கள் என்றாள். பேட்டரி தீர்ந்திருந்தது. அவன் டப்பாவை மேசையிலிருந்த பவர் சப்ளையில் கொடுத்தான். அலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஸ்கோப்பின் கிளிப்பைக் கொண்டுபோய்ப் பொய்த் தரையில் மாட்டினான். ஸ்கோப் என்பது அலையைத் திரையில் காட்டும் கருவி. அவனுடையது மூடிப்போன ஏதோ ஒரு கல்லூரி லேபிலிருந்து வாங்கிய பழைய இரும்புப் பெட்டி. அதன் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. பவர் சப்ளையும் எர்த்தோடு சேர்ந்தது. பொய்த் தரையை எர்த்தில் மாட்டினால் அது அந்தக் கணமே விழுந்துவிடும். இதற்கு இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. ஸ்கோப்பின் ப்ளக்கில் இருக்கும் பெரிய எர்த் பின்னை வெட்டிவிடுவது. அவன் கம்பெனியில் பாதி ப்ளக்குகளுக்கு இரண்டு பின்தான். அவனும் கட்டிங் பிளேயரை எடுத்தான். பச்சை வயரில் பாதுகாப்புக்காக ஒரு பெரிய மின்தடை போட்டிருக்க வேண்டும். அதை நாளைக்குப் போடலாம் என்று நான்கு மாதமாக விட்டுவைத்திருந்தான்.

அலை அழகாக வந்தது. அவள் ஜன்னலுக்கு நேரே வெறுந்தரையில் உட்கார்ந்து, மெட்டியில் பச்சைக் கிளிப்போடு, கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆடாமல் இரு, தெருமுனையில் பேட்டரி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கினான்.

திரும்பி வந்தபோது ஸ்பீக்கர் உய்ய்ன்று கத்திக்கொண்டிருந்தது. பேட்டரி அவன் சட்டைப் பையில் இருந்தது.

பழைய பெட்டிக்குள் எங்கோ ஒரு வயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டிருக்கிறது. எர்த் பின் இருந்திருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும். அவ்வளவுதான்.

அவன் செய்த முதல் காரியம் அவளை எழுப்புவதல்ல. சுவிட்சை அணைத்தான். மூன்று கிளிப்புகளையும் கழற்றினான். வயர்களைச் சுற்றி டப்பாவில் வைத்து மூடினான். ஸ்கோப்பைத் தூக்கிப் பரணில் வைத்துப் போர்வையால் மறைத்தான். இருபது கிலோ, அன்று கனக்கவே இல்லை. அதன்பிறகுதான் படியில் நின்று "அம்மா, ஓடி வாங்க" என்று ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டான். இடையில் எத்தனை நிமிடம் போனது என்பதைப் பிறகு பலமுறை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டினார். வால்வு என்றார். கையெழுத்துப் போட்டார். எல்லோரும் வால்வு என்றார்கள். அவனும் சொன்னான். சொல்லச் சொல்ல அது தரையாகிவிட்டது. அதன்மேல் நின்று எல்லாம் நடந்தது. மஞ்சள் பூசினார்கள், பூ வைத்தார்கள், சுமங்கலியாகப் போனாள் என்றார்கள். விரல் வீங்கியிருந்ததால் வலது கால் மெட்டி மட்டும் கழலவில்லை. அதோடேயே ஓயாமாரி சுடுகாட்டில் எரித்தார்கள். மறுநாள் சாம்பலில் அவன் அதைத் தேடினான். கிடைக்கவில்லை. எட்டாம் நாள் வேலைக்குப் போனான். பக்கத்து மேசை ஸ்கோப்பின் ப்ளக்கில் இரண்டே பின். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

போன் அடித்தது. நான்கரை மணி.

"மாப்ள, காந்தி மார்க்கெட்ல வாழக்காய், எல எல்லாம் வாங்கியாச்சு. ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிட்டோம். பாலத்துல வந்துட்டிருக்கோம்." மாமனாரின் குரல் பஸ் சத்தத்தில் அமுங்கியது. "இருங்க, உங்க அத்த பேசணுமாம்."

ராக்கம்மாள் போனைக் காதில் நசுக்கி வைத்துக்கொண்டு பேசுகிறவள். மூச்சுதான் முதலில் வரும்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"அந்த டப்பாவ ரிப்பேர் பண்ணிட்டீங்களா?"

"ம்."

"புள்ளையோட எடது கால் மெட்டிய எடுத்துட்டு வர்றேன். நாளைக்கு ஆத்துல விட்டுடலாம். ஒத்த மெட்டிய எவ்வளவு நாள் வெச்சிருக்கறது." மூச்சு. "மாப்ள, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு நாந்தானே காலு கழுவி மஞ்ச பூசுனேன். வலது மெட்டிக்கு அடியில கருகுனாப்ல ஒரு வளையம் இருந்துச்சு. மெட்டி கடிச்சிருக்குமோ? உங்ககிட்ட எதாச்சும் சொன்னாளா?"

"இல்ல அத்தை."

"சரி. அவ வந்து சொன்னாத்தான் உண்டு." போன் நின்றது.

அவன் லேப்டாப்பைத் திறந்தான். கடைசிப் பதிவை அழித்தான். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தான். பட்டியலில் இப்போது நல்ல பதிவுகள் மட்டும். ஒன்றை அத்தைக்குப் போட்டுக் காட்டிவிட்டால் முடிந்தது. நாளை திதி. நாளைமறுநாள் டப்பாவை ஆற்றில் போட்டுவிடலாம்.

முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் தொடங்கியது.

தும். தும். தும்.

தும்.

திரும்பக் கூடாது என்று நினைத்தான். லேப்டாப்பின் இருண்ட ஓரத்தில் அறையின் பிரதிபலிப்பு தெரிந்தது. மேசை. மஞ்சள் டப்பா. தொங்கும் வயர்கள்.

வயர்கள் தொங்கவில்லை.

திரும்பினான். சிவப்பும் மஞ்சளும் மேசையிலிருந்து கிளம்பி, காற்றில் நீண்டு, ஜன்னலுக்கு நேரே தரைக்கு ஒரு முழம் மேலே நின்றன. முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளியில், எதையும் தொடாமல், மெல்ல ஏறி இறங்கின. ஒரு முறை இரண்டும் நெருங்கி ஒன்றையொன்று சுற்றி முறுக்கின. விலகின. திரும்ப நெருங்கின.

கூந்தலைப் பிழிகிறாள்.

பச்சை வயர் தரையோடு தரையாகப் போனது. அதன் முனையில் கிளிப் மூடியிருந்தது. முழுதாக மூடவில்லை. நடுவே எதையோ கவ்வியிருந்தது. ஒரு விரல் பருமன். அதைச் சுற்றி மொசைக்கில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. சீயக்காய் நெடி ஏறியது.

மேசைமேல், யாரும் பிடிக்காத மீட்டரில் எண் நகர்ந்தது. 4.50. 4.41. 4.20.

இழுக்கிறாள்.

3.8. 3.1.

அறையில் எதுவும் மாறவில்லை. மேசை நேராகத்தான் இருந்தது. சுவர் நேராகத்தான் இருந்தது. எல்லாமே சேர்ந்து நகர்ந்தால் உள்ளே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

கீழே கேட் திறந்தது.

"வாங்க வாங்க. மேலதான் இருக்காரு," என்றாள் ஆனந்தவள்ளி. "பாத்து ஏறுங்க, கரண்டு இல்ல. அஞ்சு ஆகப்போகுது, வந்துடும்."

"இருக்கட்டுங்க. பழக்கந்தானே," என்றார் ராமர். படியில் நான்கு கால்கள். மெதுவாக. அத்தைக்கு முட்டி வலி. ஒவ்வொரு படிக்கும் நின்றாள்.

சொல்லிவிடலாம். அந்த எண்ணம் தெளிவாக வந்தது. வாசலுக்குப் போய், அவர்கள் உள்ளே வருமுன், படியிலேயே சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். அவனிடம் அந்த வாக்கியம் ஒரு வருடமாகத் தயாராக இருந்தது.

அவன் வாசலுக்குப் போகவில்லை. அவன் கைகள் தங்கள் பழைய வேலையைத் தொடங்கியிருந்தன. முதலில் வயர்களைக் கழற்று. பிறகு கூப்பிடு.

சிவப்பைப் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. மஞ்சளும் வந்தது. இரண்டையும் டப்பாவுக்குள் திணித்தான். மண்டியிட்டான். முட்டி ஈரத்தில் நனைந்தது. பச்சைக் கிளிப்பைப் பிடித்தான்.

விரல்களுக்குள் ஒரு விரல் இருந்தது.

குளிர்ந்து, ஊறி, குளித்து வந்த கால்விரலின் மென்மையோடு இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கைக்கு இருந்தது. அதன் அடியில் மெட்டியின் வளையம். மேலே நகம். அவன் தொட்டதும் விரல் சட்டென்று மடங்கிச் சுருண்டது. கல்யாணத்தன்று அம்மிமேல் அவள் காலைத் தூக்கி வைத்து, குனிந்து இந்த மெட்டியை மாட்டியபோதும் இப்படித்தான் சுருண்டது. கூசுதுங்க என்று அவள் தலைக்கு மேலிருந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது தலைக்கு மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் பிடரியில் விழுந்தது.

கிளிப்பை அழுத்தினான். திறக்கவில்லை.

இன்னொரு சொட்டு.

நிமிரக் கூடாது. அவன் கண்கள் தரையோடு ஓடின. ஸ்கோப்பின் வயர். பரணிலிருந்து. அவன் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிவைத்தது. கட்டு அவிழ்ந்து, சுவரோரமாக இறங்கி வந்திருந்தது. இரண்டு பின் ப்ளக். சாக்கெட்டில் செருகியிருந்தது. சுவிட்ச் கீழ்நோக்கி.

செருப்புகள் வாசலில் கழன்றன.

"மாப்ள?"

கரண்ட் வந்தது.

முதலில் விசிறி. ஒரு முனகல், ஓர் அசைவு. பிறகு டியூப் லைட் இரண்டு முறை கண்சிமிட்டியது. பிறகு அவன் கை.

கை மூடிக்கொண்டது. அந்தப் பாதத்தைச் சுற்றி ஐந்து விரல்களும் இறுகின. விட நினைத்தான். விரல்கள் அவனுடையவையாக இல்லை. தோளிலிருந்து பல்வரை ஐம்பது அதிர்வுகள். ஸ்பீக்கர் உய்ய்ன்று எழுந்து அறை முழுவதும் நிறைந்தது. பரண் போர்வைக்குள்ளே பச்சையாக ஒரு கோடு எரிந்தது. அவன் சாகவில்லை. சாகும் அளவுக்கு அது அவனுக்குத் தரவில்லை. பிடித்து வைத்திருக்கும் அளவுக்கு மட்டும். மெட்டி அவன் உள்ளங்கையில் மெல்லச் சூடேறியது.

வாயைத் திறக்கப் பார்த்தான். தாடை அசையவில்லை.

ராமர் வாசலிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த வாழைக்காய்ப் பை சாய்ந்து, காய்கள் ஒவ்வொன்றாக உருண்டன.

"மாப்ள, யாரு காலப் புடிச்சிருக்கீங்க?"

ராக்கம்மாள் அவரைத் தாண்டி உள்ளே வந்தாள். முட்டி வலி இல்லாதவள்போல வந்தாள். முந்தானை முடிச்சில் ஒற்றை மெட்டி தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஈரத்தைப் பொருட்படுத்தவில்லை.

கையை நீட்டி, காற்றில் எதையோ காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஸ்பீக்கரின் அலறலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"ம்," என்றாள்.

அவன் பிடரியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"ம்." அவள் கண்கள் மெல்லக் கீழே இறங்கின. மேசைக்கு. சுவருக்கு. இரண்டு பின் ப்ளக்குக்கு. கடைசியில் அவன் கைக்கு. அங்கேயே நின்றன.

"அப்புறம்?" என்றாள்.